சிங்கத்தின் வளையத்தில் ஒரு பூனைக்குட்டி: எம்.டி.எம். நிறுவனத்தின் திரை முத்திரை

1970 செப்டம்பர் 19, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சி.பி.எஸ். நெட்வொர்க்கில் 'மேரி டைலர் மூர் ஷோ' என்ற புது நகைச்சுவைத் தொடர் ஆரம்பமானது. அரை மணி நேரக் கதை முடிந்து, நடித்தவர் எழுதியவர் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு கறுப்புப் பின்னணியில் ஒரு வளையம் வந்தது. ஹாலிவுட் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வளையம் புதிதல்ல. எம்.ஜி.எம். சிங்கம் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கிற இடம் அது. இங்கே அதற்குள் செம்பட்டை நிறத்தில் ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து 'மியாவ்' என்றது. கூடவே பொன்னிறத்தில் மூன்று எழுத்து, எம்.டி.எம். சில நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

பூனையின் பெயர் மிம்சி. விலங்குக் காப்பகத்திலிருந்து வந்த குட்டி. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் வளர்ந்த யாரிடமாவது தொலைக்காட்சி நிறுவனங்களின் முத்திரை பற்றிக் கேட்டால் முதலில் வருகிற இரண்டு மூன்று பெயர்களில் இது இருக்கும். அந்தக் காலத்தில் இதைவிடக் காசு கொட்டிச் செய்த லோகோக்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று பழைய வீடியோ சேகரிப்பவர்களுக்கு மட்டுமே ஞாபகம். இந்தக் குட்டி எப்படி நின்றது? குட்டி அழகாக இருந்தது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த நிறுவனம் தன் முத்திரையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், தொடர் எழுதுகிறவர்கள் கையில் விளையாடக் கொடுத்தது. அது எப்படி நடந்தது, எங்கே போய் முடிந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

மூன்று எழுத்து

மேரி டைலர் மூர் 1961 முதல் 1966 வரை ஓடிய 'டிக் வான் டைக் ஷோ'வில் லாரா பெட்ரியாக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அதன்பின் சினிமா, மேடை என்று முயன்றவை சரியாக அமையவில்லை. 1969-ல் டிக் வான் டைக்குடன் சேர்ந்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். அது நன்றாகப் போனதும் சி.பி.எஸ். அவரை அழைத்து, சொந்தமாக ஒரு தொடர் வேண்டும் என்றது. அந்த நேரத்தில் மேரியும் கணவர் கிராண்ட் டிங்கரும், மேனேஜர் ஆர்தர் பிரைஸும் ஒரு முடிவெடுத்தார்கள்: சம்பளத்துக்கு நடிக்க வேண்டாம், தயாரிப்பு நம் கம்பெனியாகவே இருக்கட்டும். அப்படித்தான் எம்.டி.எம். என்டர்பிரைசஸ் பிறந்தது. பெயர் மேரியின் முதலெழுத்துகள், நிர்வாகம் டிங்கருடையது.

கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் தொலைக்காட்சிக் கம்பெனி அமெரிக்காவுக்குப் புதிதில்லை. லூசில் பாலும் தேசி அர்னாஸும் நடத்திய தேசிலு இருந்தது. அங்கே இரண்டு பேரின் பெயரையும் ஒட்டித்தான் கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். டிங்கர் தன் பெயரில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை. அதனால் லோகோவுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. எம்.டி.எம்., எம்.ஜி.எம். என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடு எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட பிறகு கிண்டல் செய்யாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

எம்.ஜி.எம். சிங்கம் அதற்குள் அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. விளம்பரப் பொறுப்பிலிருந்த ஹோவர்ட் டீட்ஸ் 1916-ல் கோல்ட்வின் பிக்சர்ஸுக்காக வரைந்தது அது. தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்து விளையாட்டு அணியின் சிங்கத்தை மனதில் வைத்து வரைந்தார். கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து 1924-ல் எம்.ஜி.எம். ஆனபோது சிங்கமும் கூடவே வந்தது. 1928-ல் அதற்குக் குரலும் வந்தது. தலைக்கு மேல் லத்தீன் வாசகம், சுற்றிலும் ஃபிலிம் சுருள் போன்ற நாடா, கீழே முகமூடி. ராஜசபை மாதிரி ஓர் ஏற்பாடு. 1970-ல் அந்த ஸ்டுடியோவின் நிலைமையோ வேறு. கைமாறி, ஆட்குறைப்பு நடந்து, பழைய உடைகளையும் சாமான்களையும் ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சிங்கம் கர்ஜித்துக்கொண்டுதான் இருந்தது, பின்னால் அரண்மனை காலி. அதே ஆண்டில் பூனைக்குட்டி வந்து உட்கார்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

அந்தச் சில நொடி யாருடையது

தொடர் முடிந்த பிறகு தயாரிப்பு நிறுவனம் தன் பெயரைப் போட்டுக்கொள்வதை அமெரிக்கத் தொழில் வட்டாரத்தில் 'வேனிட்டி கார்டு', அதாவது தற்பெருமை அட்டை, என்று கொஞ்சம் நக்கலாகச் சொல்வார்கள். எம்.டி.எம். விஷயத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமான பணம் இருந்தது.

1970-லேயே அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு விதி கொண்டுவந்தது. சுருக்கமாக 'ஃபின்-சின்' என்பார்கள். வெளியார் தயாரித்த தொடர்களின் மறு ஒளிபரப்பு வருமானத்தில் நெட்வொர்க்குகள் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. மூன்றும் நாட்டின் திரையைப் பங்கு போட்டு வைத்திருந்த காலம் அது. அதுவரை நல்ல தொடர் எதுவானாலும் நெட்வொர்க் அதில் ஒரு பங்கு கேட்கும், கொடுக்காவிட்டால் நேரம் கிடைக்காது. விதி வந்தபின் கணக்கு மாறியது. நெட்வொர்க் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் பணம் கொடுக்கும். தொடர் தயாரித்தவருக்கே சொந்தம். நூறு எபிசோடுகளை ஒட்டிச் சேர்ந்துவிட்டால் அதை ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கு விற்கலாம். லாபமே அதில்தான். 'மேரி டைலர் மூர் ஷோ' 7 பருவத்தில் 168 எபிசோடு வந்தது.

ஆக, கடைசியில் தெரிகிற முத்திரை ஒருவகையில் பட்டாப் பத்திரம்தான். 'ஒளிபரப்பியது சி.பி.எஸ்., சொத்து எங்களுடையது' என்று அது சொல்கிறது. மற்ற கம்பெனிகள் இதைக் கனமாகச் சொன்னார்கள். எம்.டி.எம். ஒரு குட்டியை விட்டு மியாவ் என்று சொல்லவைத்தது.

கிட்டத்தில் பார்த்தால்

வடிவமைப்பாக இதை எடுத்துப் பார்ப்போம். அந்தக் காலத்து டி.வி. பெட்டி சின்னது, படக்குழாய் வளைந்தது. ஒளிபரப்பாகும் படத்தின் ஓரங்கள் பெட்டியின் சட்டத்துக்குள் மறைந்துபோகும். ஒரு வீட்டில் மறைகிற அளவு இன்னொரு வீட்டில் இருக்காது. அதனால் எழுத்தும் முக்கியமான உருவமும் நடுப்பகுதிக்குள் அடங்க வேண்டும் என்பது தொலைக்காட்சி வரைகலையின் பாலபாடம். மெல்லிய கோடுகள் மங்கிப்போகும், நுணுக்கமான வேலைப்பாடு வீண். இந்த லோகோவில் எல்லாமே நடுவில் இருக்கிறது. கறுப்பு, அதில் ஒரு வட்டம், வட்டத்தில் ஒரு முகம், கூடவே தடித்த மூன்று எழுத்து. கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் அப்படியே தெரியும். வீட்டில் ஆன்டெனா சரியில்லாமல் படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பூனை பூனைதான்.

அடுத்தது ஓசை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தொடர் முடிந்ததும் ஆள் எழுந்து சமையலறைக்கோ கழிவறைக்கோ போய்விடுவார். லோகோவைப் பார்ப்பவரைவிடக் கேட்பவர்தான் அதிகம். இது எல்லாக் கம்பெனிகளுக்கும் தெரியும். அதனால் எல்லோரும் சத்தத்தைக் கூட்டினார்கள். கொலம்பியாவின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்க்ரீன் ஜெம்ஸ் 1965-ல் ஒரு முத்திரை கொண்டுவந்தது. வளைந்த பட்டைகள் சேர்ந்து எஸ் என்ற எழுத்தாகும். அதற்கு எரிக் சைடே மின்னணு சிந்தசைசரில் சில ஸ்வரம் போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது நவீனம். ஆனால் வேடிக்கைத் தொடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கு நடுங்கிப் போனார்கள். வளர்ந்த பிறகு அவர்களே அதற்கு 'நரகத்து எஸ்' என்று பெயர் வைத்தார்கள். வயாகாமின் 1976 முத்திரை இன்னும் மோசம். வி என்ற ஒற்றை எழுத்து முகத்துக்கு நேரே பாய்ந்து வரும். கூடவே அபசகுனம் போல ஓர் இசை. அதற்கு 'அழிவின் வி' என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. வயாகாம் என்ற கம்பெனி உருவானதே ஃபின்-சின் விதியால்தான். சி.பி.எஸ். தன் விநியோகப் பிரிவை வைத்துக்கொள்ள முடியாமல் 1971-ல் தனியாகப் பிரித்துவிட்டது. எம்.டி.எம்.-மின் ஆரம்பகாலத் தொடர்களை உள்ளூர் நிலையங்களுக்கு எடுத்துச் சென்று விற்றது அந்த வயாகாம்தான். அதனால் மறு ஒளிபரப்பில் முதலில் பூனைக்குட்டி மியாவ் என்னும், கையோடு அந்த வி பாய்ந்து வரும். இரண்டு முத்திரைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒன்று உங்களை மிரட்டி ஞாபகத்தில் நிற்கிறது. இன்னொன்று, பக்கத்து அறையில் இருப்பவரையும் லேசாகச் சிரிக்கவைக்கிறது.

மியாவ் என்பது இசையே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அதற்கு சுருதி இல்லை, காலத்தோடு பழசாகாது. சிந்தசைசர் இசை பத்து ஆண்டில் அலுத்துவிடும். 70-களின் சத்தம் என்று முத்திரை குத்தப்பட்டுவிடும். பூனை எந்தக் காலத்துப் பூனை என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

குறையும் உண்டு. சிங்கத்தைத் தெரியாதவருக்கு இந்தக் கிண்டல் பாதிதான் புரியும். பூனையைப் பார்த்து இது என்ன கம்பெனி, என்ன செய்கிறார்கள் என்று ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. விளம்பரத் துறையில் இன்று யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுபோனால் 'பிராண்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு அனுப்பிவிடுவார்கள். சம்பந்தம் பிறகு வந்தது. தொடர்கள்தான் அதைக் கொடுத்தன.

வேஷம் கட்டிய காலம்

டிங்கரின் நிர்வாக முறை பற்றித் தொழிலில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: நல்ல எழுத்தாளர்களைப் பிடி, அப்புறம் அவர்கள் வழியில் நிற்காதே. நெட்வொர்க் அதிகாரிகள் திருத்தம் சொல்ல வந்தால் அவரே நடுவில் நின்று தடுத்தார். ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ் இருவரும் உருவாக்கிய 'மேரி டைலர் மூர் ஷோ' 29 எம்மி விருதுகள் வாங்கியது. அந்த எண்ணிக்கையை இன்னொரு தொடர் தாண்ட 2002 ஆகிவிட்டது.

இப்படிக் கை கட்டப்படாத எழுத்தாளர்கள் நிறைந்த ஒரு வீட்டில் கடைசி நொடிகள் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? நகைச்சுவைத் தொடர்களோடு ஆரம்பித்த கம்பெனி 70-களின் கடைசியில் ஒரு மணி நேர நாடகங்களுக்குப் போனது. பூனையும் வேஷம் கட்டத் தொடங்கியது. 1978-ல் வந்த 'தி ஒயிட் ஷேடோ' பள்ளிக்கூட கூடைப்பந்து அணியின் கதை. அங்கே பூனைக்குத் துணையாகக் கூடைப்பந்து. 1981-ல் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' வந்தபோது தலையில் போலீஸ் தொப்பி. 1982-ல் துப்பறியும் தொடர் 'ரெமிங்டன் ஸ்டீல்' வந்தது. அதில் ஷெர்லாக் ஹோம்ஸ் தொப்பி, வாயில் புகைக்குழாய். மியாவ் என்று வாயைத் திறந்ததும் குழாய் கீழே விழும். அதே ஆண்டு 'செயின்ட் எல்ஸ்வேர்' என்ற மருத்துவமனைத் தொடர். பூனைக்கு அறுவை சிகிச்சைக் கூடத்து முகமூடி.

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வளையம் மாறவில்லை. குட்டி மாறவில்லை. தொப்பியும் முகமூடியும் பழைய படத்தின் மேல் ஏற்றியவை என்பது பார்த்தாலே தெரியும், மறைக்கவும் முயலவில்லை. இன்றைய வடிவமைப்பாளர்கள் 'சிஸ்டம்' என்று பெரிய வார்த்தையில் சொல்வார்களே, அதுதான் இது. மாறாத சட்டம் ஒன்று, அதற்குள் மாறக்கூடிய பொருள் ஒன்று. மேலே எதை ஏற்றினாலும் தூரத்திலிருந்து பார்த்தால் அதே எம்.டி.எம்.

'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தொடரின் எபிசோடுகள் பல கனத்துப் போய் முடியும். சுடப்பட்ட போலீஸ்காரர், தோற்றுப்போன வழக்கு, நள்ளிரவு. தொடருக்கு முகப்பு இசை அமைத்த மைக் போஸ்ட்டின் பியானோ ஓய்ந்ததும் தொப்பி போட்ட பூனை வந்து மியாவ் என்றால் உறுத்தாதா? சில இரவுகளில் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்தத் தொடரே கண்ணீரையும் கோமாளித்தனத்தையும் ஒரே காட்சியில் போடுகிற தொடர். அதனால் தப்பித்தது. வேறொரு நாடகத்தின் கடைசியில் இது நின்றிருக்காது.

எல்லா வேஷத்திலும் எனக்குப் பிடித்தது வேஷமே இல்லாத ஒன்று. 1982 முதல் 1990 வரை ஓடிய 'நியூஹார்ட்' தொடரில் பூனைக்குத் தொப்பி இல்லை, குழாய் இல்லை. குரல் மட்டும் மாறியது. நடிகர் பாப் நியூஹார்ட் தன் வழக்கமான உணர்ச்சியற்ற தொனியில், ரேஷன் கடையில் பெயர் சொல்வதுபோல, 'மியாவ்' என்றார். அவ்வளவுதான். காசு செலவில்லை, வரைகலை வேலை இல்லை. பூனையின் முகத்தில் ஓர் அலுத்துப்போன நடுவயதுக்காரர் தெரிய ஆரம்பித்தார். அந்தத் தொடரில் லாரி என்றொரு பாத்திரம். அவருடைய தம்பிகள் இருவர். இருவருக்கும் டாரில் என்றே பெயர், இருவரும் பேசவே மாட்டார்கள். 1990 மே 21 அன்று வந்த கடைசி எபிசோடில் முதல்முறையாக வாய் திறந்து, மனைவிமார்களைப் பார்த்து 'சத்தம் போடாதீங்க!' என்று கத்தினார்கள். அன்றிரவு முத்திரையில் நியூஹார்ட்டின் மியாவ் இல்லை. பூனை வாயைத் திறந்தபோது வந்தது டாரில்களின் அந்தக் கத்தல். எட்டு ஆண்டு வளர்த்த நகைச்சுவையைக் கடைசி நொடியில் பூனை வாயில் கொண்டுபோய் வைத்தார்கள்.

1988 மே 25

இந்த ஆய்வின் நடு விஷயத்துக்கு வருகிறேன். 'செயின்ட் எல்ஸ்வேர்' பாஸ்டனில் செயின்ட் எலிஜியஸ் என்ற பாழடைந்த, மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனையில் நடக்கிற கதை. அதிகம் பேர் பார்த்த தொடர் இல்லை. பார்த்தவர்கள் விடாமல் பார்த்தார்கள். எழுதியவர்களுக்கு உள்குத்து நகைச்சுவை என்றால் உயிர். மனநலப் பிரிவில் இருக்கும் பெயர் தெரியாத நோயாளி ஒருவர் தன்னை மேரி ரிச்சர்ட்ஸ் என்று நம்புவார்; அதாவது 'மேரி டைலர் மூர் ஷோ'வின் கதாநாயகி. கம்பெனியின் சொந்தச் சொத்தை வைத்தே இப்படி விளையாடியவர்கள்.

ஆறு பருவம் முடிந்து கடைசி எபிசோடு 1988 மே 25 அன்று என்.பி.சி.யில் வந்தது. முடிவு இன்றும் சண்டைக்குரியது: ஆட்டிசம் உள்ள டாமி வெஸ்ட்ஃபால் என்ற சிறுவன் கையில் ஒரு கண்ணாடி உருண்டை, உள்ளே பனி கொட்ட, நடுவில் அந்த மருத்துவமனை. ஆறு ஆண்டாகப் பார்த்தது எல்லாம் அந்தப் பையனின் மனதில் நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். சரி, அது கதைக்கு வைத்த முடிவு.

அப்புறம் பெயர்ப்பட்டியல் ஆரம்பித்தது. வழக்கமாகப் பெயர்கள் ஓடி முடிந்தபின் தனியாகச் சில நொடி வரவேண்டிய பூனை அன்று பட்டியல் ஓடும்போதே திரையில் இருந்தது. வளையத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. உடம்பில் குழாய் ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக மானிட்டரின் 'பீப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிப் பெயரும் போனது. துடிப்புகள் நின்று கோடு தட்டையாகி, விட்டுவிட்டு வந்த சத்தம் ஒரே நீண்ட ஒலியாக மாறியது. மியாவ் வரவில்லை.

தன் சொந்த லோகோவைத் திரையில் சாகவிட எந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளும்? வழக்கறிஞர் அறை வரைக்கும் போகவேண்டிய விஷயம் இது. இங்கே நடந்ததற்குக் காரணம் தேடினால் அந்த எபிசோடின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் போதும். இயக்கம் மார்க் டிங்கர். கதையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஜான் டிங்கர். இருவரும் கிராண்ட் டிங்கரின் மகன்கள், முதல் மணத்துப் பிள்ளைகள். தயாரிப்புத் தலைமை ப்ரூஸ் பால்ட்ரோ. 'ஒயிட் ஷேடோ'வை உருவாக்கியவரும் அவரே. வெளியாள் யாரும் வந்து பூனைமேல் கை வைக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகள்தான்.

டிங்கர் அப்போது கம்பெனியில் இல்லை. 1981-லேயே மேரியுடனான மணவாழ்க்கை முறிந்து, அவர் என்.பி.சி.க்குத் தலைவராகப் போய்விட்டார். அங்கே 1986 வரை இருந்து, மூன்றாம் இடத்தில் கிடந்த நெட்வொர்க்கை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். ஆர்தர் பிரைஸ் எம்.டி.எம்.-மை நடத்தினார். பழைய சூழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' செலவு மீறுகிறது என்ற தகராறில் அதன் சிற்பிகளில் ஒருவரான ஸ்டீவன் போச்கோவை 1985-ல் வெளியே அனுப்பினார்கள். அந்த நிலையில் 88-ல் வந்த தட்டைக் கோட்டைத் தொடருக்கு மட்டும் எழுதிய இரங்கல் என்று பார்க்க என்னால் முடியவில்லை. நிஜ மிம்சியும் அதே 1988-ல் இறந்தது. அதே ஆண்டில்தான் கம்பெனியும் விலை போனது.

கைமாறிய கதை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் தென்கரைப் பகுதிக்கு ஐ.டி.வி. என்ற தனியார் தொலைக்காட்சி நெட்வொர்க்கின் உரிமம் வைத்திருந்த டி.வி.எஸ். நிறுவனம் சுமார் 32 கோடி டாலருக்கு எம்.டி.எம்.-மை வாங்கியது. ஒரு மணி நேர நாடகங்களுக்கு அமெரிக்க உள்ளூர் நிலையங்களில் விலை சரிந்த நேரம். வாங்கியவர்களுக்கு அது தலைக்குமேல் பாரம். 1991-ல் ஐ.டி.வி. உரிமங்களை ஏலம் விட்டார்கள். டி.வி.எஸ். ஆண்டுக்கு 59 மில்லியன் பவுண்டுக்கு மேல் கேட்டது. இவ்வளவு கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியாது என்று கட்டுப்பாட்டு ஆணையம் அதை ஒதுக்கி, அதைவிட மிகக் குறைவாகக் கேட்ட மெரிடியன் நிறுவனத்துக்கு உரிமத்தைக் கொடுத்துவிட்டது. 1993-ல் மதப் பிரசாரகர் பாட் ராபர்ட்சனின் இன்டர்நேஷனல் ஃபேமிலி என்டர்டெய்ன்மென்ட் மிச்சத்தை வாங்கியது. 1997-ல் அது ஃபாக்ஸின் முதலாளியான ரூபர்ட் மர்டாக் கூட்டத்திடம் போனது. சில மாதங்களில் எம்.டி.எம். தனிக் கம்பெனியாக இருப்பது நின்று, ஃபாக்ஸின் தொலைக்காட்சிப் பிரிவோடு கலந்தது. 2019-ல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியபோது பூனையும் சேர்ந்து எலியின் வீட்டுக்குப் போயிற்று.

பூனை போட்ட குட்டிகள்

கம்பெனி கரைந்தாலும் அங்கே வேலை பார்த்தவர்கள் முத்திரை விஷயத்தில் ஒரு பழக்கத்தை எடுத்துப் போனார்கள். லோகோ என்பது சொந்த வாழ்க்கையிலிருந்து வரலாம் என்ற பழக்கம்.

கேரி டேவிட் கோல்ட்பர்க் 70-களில் எம்.டி.எம்.-மில் எழுதியவர், 'லூ கிரான்ட்' தொடரில் தயாரிப்பிலும் இருந்தவர். 1982-ல் 'ஃபேமிலி டைஸ்' தொடங்கியபோது அவருடைய உபு புரொடக்‌ஷன்ஸின் முத்திரை அவர் வளர்த்த கறுப்பு லாப்ரடாரின் புகைப்படம். மனைவியோடும் நாயோடும் ஐரோப்பாவில் சுற்றிய காலத்தில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் எடுத்தது. நாயின் வாயில் ஃபிரிஸ்பீ. 'உட்காரு உபு, உட்காரு! நல்ல நாய்' என்று கோல்ட்பர்க்கின் குரல் கேட்கும், பதிலுக்கு ஒரு குரைப்பு. படம் அசையக்கூட அசையாது. முழு வேலையையும் ஓசைதான் செய்கிறது. அந்தப் பாடத்தை அவர் எங்கே படித்தார் என்று கேட்கத் தேவையில்லை.

போச்கோ வெளியே வந்து 1987-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அவர் முத்திரையில் ஒருவர் வயலின் வாசிக்கிறார். அது அவருடைய அப்பா ருடால்ஃப், வயலின் கலைஞர். வாசிப்பது விவால்டி. 'என்.ஒய்.பி.டி. ப்ளூ' போன்ற முரட்டுத் தொடரின் முடிவில் இந்த வயலின் வருவது, போலீஸ் தொப்பிப் பூனை வந்த அதே முரண்தான். இங்கே கிண்டல் இல்லை, மரியாதை இருக்கிறது.

எம்.டி.எம்.-மோடு நேரடி உறவில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 'பஃபி' தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனின் மியூட்டன்ட் எனிமி நிறுவனத்தின் முத்திரை, 1997. கோணல் மாணலாக வரைந்த காகிதப் பேய் ஒன்று திரையின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நடந்துபோய் 'க்ர்ர், ஆர்க்' என்னும். வரைந்ததும் குரல் கொடுத்ததும் வீடனே. 'பஃபி' தொடரில் ஒரு பருவ முடிவில் பேய்க்குப் பட்டமளிப்புத் தொப்பி. ஒரு சோக எபிசோடின் முடிவில் 'என்னைக் கட்டிப்பிடிங்க' என்று கெஞ்சல். 2003-ல் கடைசி எபிசோடில் நடப்பதை நிறுத்தி நம் பக்கம் திரும்பிப் பார்த்தது. மாறாத சட்டம், மாறும் வேஷம், கடைசி நாளில் சட்டத்தையே உடைப்பது. மிம்சியின் இலக்கணம் அப்படியே இருக்கிறது.

இடம் போன பிறகு

இந்த முத்திரைகள் எல்லாம் ஒரு விஷயத்தை நம்பி இருந்தன: தொடர் முடிந்தபின் திரை முழுவதும் சில நொடி அவர்களுக்குக் கிடைக்கும் என்பது. 1994-ல் என்.பி.சி. அதைக் கைவிட்டது. ரிமோட் கையில் இருக்கும் ஆள் பெயர்ப்பட்டியல் ஓடும்போதுதான் சேனல் மாற்றுகிறார் என்று கண்டுகொண்டு, பட்டியலைத் திரையின் ஓரத்தில் ஒதுக்கி, மீதி இடத்தில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தை ஓட்டியது. மற்ற நெட்வொர்க்குகளும் பின்னாலேயே வந்தன. ஃபின்-சின் விதியும் தளர்ந்து தளர்ந்து 1995-ல் முழுக்கப் போய்விட்டது. நெட்வொர்க்குகளே தயாரிப்பில் இறங்கின, எம்.டி.எம். மாதிரி தனிக் கம்பெனிகளுக்குப் பட்டாவும் இல்லை, அதை அறிவிக்கத் திரையும் இல்லை.

அப்படிப் பார்த்தால் பூனை வாழ்ந்த காலமும் அந்த விதி வாழ்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். 1970-ல் இரண்டும் வந்தன, 90-களில் இரண்டும் போயின. வடிவமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எழுத்துரு, வண்ணம், ஓசை என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒரு லோகோவுக்கு விளையாட இடம் கிடைத்ததா இல்லையா என்பதை வாஷிங்டனில் ஓர் ஆணையம் தீர்மானித்திருக்கிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஸ்ட்ரீமிங்கில் பழைய தொடர் பார்க்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். கடைசிக் காட்சி முடிந்த மறுகணமே படம் சுருங்கி மூலைக்குப் போகிறது, அடுத்த எபிசோடுக்கு எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கிறது. பூனையைப் பார்க்க வேண்டுமானால் ரிமோட்டைத் தேடி எடுத்து அதை ரத்து செய்ய வேண்டும். கொஞ்சம் வேகமாகவே செய்ய வேண்டும்.